பீளமேடு முதல் மீனம்பாக்கம் வரை

கோவைப் பீளமேட்டு விமான நிலையத்திற்கும் சென்னை மீனம்பாக்கத்திற்கும் இடையே நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். தொடர்வண்டிக்கோ அது 495 கிலோமீட்டர். திருப்பூர், ஈரோடு, சேலம் ஆகிய ஊர்களைத் தொட்டு வடகிழக்காக ஏறி, ஜோலார்பேட்டையில் மலைகளுக்கு நடுவே புகுந்து, காட்பாடி வழியாக இருப்புப்பாதை வளைந்து செல்கிறது. மண்ணில் செல்வோர் மலைக்கு வழிவிட்டே ஆகவேண்டும்.

மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கவல்ல விமானம் இத்தொலைவை அரைமணி நேரத்தில் கடந்துவிட வேண்டும். ஆனால், கால அட்டவணை ஒன்றேகால் மணி நேரம் அளவில் காட்டுகிறது. கணக்கில் பிழையில்லை. சக்கரங்களின் தடைக்கட்டைகளை அகற்றி விமானம் நகரத் தொடங்கும் கணம் முதல், சென்னையில் அவற்றை மீண்டும் வைக்கும் கணம் வரையுள்ள காலமே அட்டவணை நேரம். ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வதும், முறை வரும்வரை காத்திருப்பதும் அதில் அடங்கும். மேலும், குறுந்தொலைவில் விமானம் முழுவேகத்தை எட்டிய சற்று நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடுகிறது.

காற்றுக்கும் இதில் பங்குண்டு. கோவையின் ஓடுபாதை தென்மேற்கு வடகிழக்காக அமைந்தது. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து வீசும் காற்றுதான் பல்லடம், உடுமலைப் பகுதிகளின் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. காற்றை எதிர்த்தே விமானம் மேலெழும் என்பதால், அந்நாள்களில் சென்னை செல்லும் விமானமும் முதலில் கேரளத் திசை நோக்கி ஏறிப் பின்னரே திரும்புகிறது. முதன்முறை பயணம் செய்வோர் சற்றுத் திகைப்பது இயல்பே!

ஆயினும், எல்லாருடைய பயணமும் பீளமேட்டில் தொடங்குவதில்லை. திருப்பூர் வணிகர் ஒருவர் விமானம் பிடிக்க, சென்னைக்கு எதிர்த்திசையில் ஏறத்தாழ ஒருமணி நேரம் மேற்கே வரவேண்டும். பாதுகாப்புச் சோதனைக்காக முன்னதாகவே வந்து நிற்கவும் வேண்டும். 2023 ஏப்ரலில் தொடங்கிய வந்தே பாரத் தொடர்வண்டியோ கோவையிலிருந்து ஆறு மணி நேரத்திற்குள் சென்னையை அடைகிறது. இடையில் திருப்பூரிலும் நிற்கிறது. ஈரோட்டுக்காரருக்கு விமானத்தால் மிஞ்சும் நேரம் இன்னும் குறைவு. உண்மையில், கொங்கு மண்டலத்தில் கிழக்கே செல்லச் செல்ல விமானத்தின் விரைவு தேய்கிறது.

இந்தக் கணக்குகள் எவையும் பொருந்தாத பயணம் ஒன்றுண்டு. மூளைச்சாவு அடைந்த ஒருவரின் இதயம் உடலைவிட்டு எடுக்கப்பட்டபின், ஏறத்தாழ நான்கு மணி நேரத்திற்குள் மற்றோர் உடலில் துடிக்கத் தொடங்க வேண்டும். கோவையில் எடுக்கப்படும் இதயத்திற்கு உரியவர் சென்னையில் இருந்தால், சாலையும் இருப்புப்பாதையும் பயன்படா. விமானம் ஒன்றே வழி. அப்போது அவிநாசி சாலையில் காவலர்கள் போக்குவரத்தை நிறுத்துகின்றனர். பனிக்கட்டியில் வைத்த பெட்டியுடன் மருத்துவ ஊர்தி பீளமேட்டை நோக்கி விரைகிறது. மீனம்பாக்கத்தில் மற்றோர் ஊர்தி ஆயத்தமாக நிற்கிறது. அங்கே மருத்துவமனையில் அறுவை அரங்கம் காத்திருக்கிறது.

உறுப்புக்கொடை அளித்தோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது. பெட்டி வானேறிய பின்னரும், கொடுத்தவரின் குடும்பத்தார் கோவையிலேயே, உடலைப் பெற்றுக்கொள்ள மருத்துவமனை வாயிலில் அமர்ந்திருக்கின்றனர்.