குன்றின்மேல் ஒரு பள்ளிக்கூடம்

அமெரிக்காவிலுள்ள பொஸ்டன் நகரைக் காணச் செல்வோர், துறைமுகத்தையும் பழைய சபாமண்டபங்களையும் பார்த்து, ஆற்றைக் கடந்து ஹாவார்ட் பல்கலைக்கழக வாயிலில் நின்று படமும் பிடித்துக்கொண்டு திரும்புவது வழக்கம். நானோ ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்க்கவென்றே தென் பொஸ்டனுக்குப் போனேன். முதலாந் தர அனுமதிக்காக வீட்டிலிருந்து பாடசாலை வரையுள்ள தூரத்தைப் பெற்றோர் அளந்து அளந்து அலுத்துப்போகும் நாட்டவனுக்கு, எல்லைக்கோடுகளால் ஒரு நகரமே இரண்டுபட்ட கதையில் அக்கறை பிறப்பது இயல்புதானே.

தென் பொஸ்டன் கடலை அடுத்த பகுதி. ஒடுங்கிய தெருக்களின் இருமருங்கும் மூன்று மாடி மரவீடுகள் நெருங்கி நிற்கின்றன. அயர்லாந்திலிருந்து வந்த உழைப்பாளிகளின் சந்ததியார் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடம் இது. தெருக்கள் மேலேறி ஒரு குன்றில் முடிகின்றன. 1776ஆம் ஆண்டு மார்ச் மாதத்து இரவொன்றில் வாஷிங்டனின் படையினர் இக்குன்றில் பீரங்கிகளை ஏற்றி வைத்தனர். அதன் விளைவாக அம்மாதம் 17ஆந் திகதி ஆங்கிலப் படை நகரைவிட்டுக் கப்பலேறியது. அதன் ஞாபகமாக வெண்சலவைக்கல் கோபுரம் ஒன்று அங்கே நிற்கிறது. கோபுரத்தின் அயலிலே, தென் பொஸ்டன் உயர்தரப் பாடசாலை நடைபெற்ற பெருங்கட்டடம். பழைய பெயர் இன்று அதற்கில்லை. அவ்விடத்தில் நின்றால் கீழே கூரைகளும் அப்பால் கடலும் தெரிகின்றன. இத்துணை அமைதியான இடத்திலா அவை நிகழ்ந்தன என்று எண்ணத் தோன்றுகிறது.

வழக்கின் வேர் இக்குன்றிலன்று, இரண்டு மூன்று மைல் தொலைவிலுள்ள றொக்ஸ்பரியிலே இருந்தது. கறுப்பினத்தார் மிகுதியாக வாழ்ந்த அப்பகுதியில் பாடசாலைகள் நெரிசல் மிக்கவை, பழுதடைந்தவை. 1963ஆம் ஆண்டு ஜூன் மாதம் ரூத் பாட்சன் என்னும் அம்மையார் நகரப் பாடசாலைக் குழுவின் முன்னிலையில் இக்குறைகளை எடுத்துரைத்தார். நகரப் பாடசாலைகளில் இனப்பிரிவினை என ஒன்று உண்டென்பதையே குழு ஏற்க மறுத்தது. 1965இல் றொக்ஸ்பரிப் பெற்றோர் தாமே பணந் திரட்டி, வேறு பகுதிப் பாடசாலைகளில் வெறுமனே கிடந்த ஆசனங்களுக்குத் தம் பிள்ளைகளை பஸ்ஸில் அனுப்பினர். அவ்வாண்டிலேயே, வெள்ளையரல்லாத மாணவர் பாதிக்கு மேற்பட்ட பாடசாலை சமநிலையற்றது என மாநிலம் சட்டமியற்றியது. குழுவோ ஆண்டுக்காண்டு சாக்குப்போக்குச் சொல்லிக் காலங் கடத்திற்று.

1972இல் பெற்றோர் நீதிமன்றம் ஏறினர். 1974 ஜூன் 21ஆந் திகதி நீதிபதி ஆர்தர் கரிட்டி தீர்ப்பளித்தார். பாடசாலை எல்லைகளும், எந்தப் பாடசாலையிலிருந்து எந்த மேற்பாடசாலைக்குச் செல்வது என்ற ஒழுங்கும் தாமாக அமைந்தவையல்ல. இனத்தைப் பிரித்து வைக்கும் வகையில் குழு அறிந்தே அமைத்தவை என்பது அத்தீர்ப்பின் சாரம். எல்லைகள் மாற்றப்பட்டன. றொக்ஸ்பரியும் தென் பொஸ்டனும் ஒன்றாக இணைக்கப்பட்டு, இங்குள்ள பிள்ளைகள் அங்கும் அங்குள்ளவர்கள் இங்கும் செல்லவேண்டியதாயிற்று.

செப்டெம்பர் 12ஆந் திகதி பாடசாலை தொடங்கியது. குன்றிலிருந்து திரும்பிய பஸ்கள்மீது கற்கள் விழுந்தன. கண்ணாடி உடைந்து பிள்ளைகள் காயமுற்றனர். டிசெம்பர் 11ஆந் திகதி பாடசாலையினுள்ளே வெள்ளை மாணவன் ஒருவன் கத்தியாற் குத்தப்பட, வெளியே பெருங்கூட்டம் திரண்டது. கறுப்பின மாணவர் உள்ளே அகப்பட்டனர். கூட்டத்தை ஏமாற்ற வெறும் பஸ்களை முன்வாயிலுக்கு அனுப்பிவிட்டு, பிள்ளைகளைப் பின்வழியாக வெளியேற்றினார்கள். இதை நினைத்தபடி அக்கட்டடத்தின் பின்புறத்தை நான் ஒருமுறை சுற்றி வந்தேன். பிள்ளை காலையிற் சென்ற வழியே மாலையில் திரும்புமா என்று றொக்ஸ்பரித் தாய்மார் காத்திருந்த நாட்கள் அவை.

குழந்தைகள் ஏறிய வண்டிமீது கல்லெறிந்தவர்களுக்கு நான் பரிந்து பேசமாட்டேன். ஆயினும் அக்குன்றில் எழுந்த ஒரு கேள்வி வெறுங் காழ்ப்பிலிருந்து மட்டும் பிறந்ததன்று. தீர்ப்பளித்தவர் வாழ்ந்ததோ வெல்ஸ்லி என்னும் புறநகரில். அங்குள்ள பிள்ளைகள் எந்த பஸ்ஸிலும் ஏறவேண்டியிருக்கவில்லை. டெட்ரோயிட் நகர் பற்றிய வழக்கில், குற்றஞ் செய்யாத புறநகர்களை இத்தகைய திட்டத்தில் இழுக்க முடியாதென உயர் நீதிமன்றம் 1974 ஜூலை 25ஆந் திகதி ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் கூறிவிட்டது. ஆகவே நகரெல்லைக் கோடு மட்டும் அசையாமல் நின்றது. அதற்குள்ளே ஏழை வெள்ளையரும் ஏழைக் கறுப்பினத்தாரும் ஒருவரையொருவர் வெறுத்துக்கொண்டார்கள். வசதி படைத்த வெள்ளைக் குடும்பங்கள் பல கோட்டைத் தாண்டிக் குடிபெயர்ந்தன.

பின்னர் 1989இல் நகரை மூன்று வலயங்களாகப் பிரித்தார்கள். 2014 முதல், வீட்டிற்கு அண்மையிலுள்ள நல்ல பாடசாலைகளைக் கணினி தேர்ந்து பட்டியலிடும் முறை வந்தது. நல்ல பாடசாலைகள் எல்லா அயல்களுக்கும் சமமாகக் கிட்டவில்லை என 2018இல் ஆய்வாளர் கண்டனர்.

பிற்பகல் றொக்ஸ்பரியின் நூபியன் சதுக்கத்துக்குப் போனேன். பாடசாலை விட்ட பிள்ளைகள் சிரித்துப் பேசிக்கொண்டு பஸ்ஸுக்காக நின்றனர். 1966இல் ஏழு புறநகர்களுக்கு 220 மாணவரை அனுப்பித் தொடங்கிய தன்விருப்பத் திட்டமொன்று இன்றும் நடைபெறுகிறது. அதிற் சேர்ந்த நகரப் பிள்ளைகள் விடியுமுன் எழுந்து புறநகர் பஸ்ஸைப் பிடிக்கிறார்கள். எதிர்த்திசையில் மாணவரை ஏற்றிவரும் பஸ் அத்திட்டத்தில் இல்லை.