கேஷியர் போட்ட கணக்கு

எல்.டி.சி. போட்டு ஆபீஸ் கோஷ்டி எட்டுப் பேர் அந்தமான் போயிருந்தோம். ஒருநாள் ஜாலிபாய் தீவு. வண்டூரில் படகு ஏறும் முன்பே பையைக் குடைந்தார்கள். 1983-லேயே தேசியப் பூங்காவான இடம், பிளாஸ்டிக் கூடாதாம். எங்கள் கேஷியரின் முறுக்குப் பாக்கெட் முதல் பலி!

தீவில் முகமூடி மாட்டி, வாயில் குழாயைத் திணித்தார்கள். இத்தனை வருஷம் மூக்கால் மூச்சு விட்டவனை 'இனி வாயால் விடு' என்றால்? ரெண்டு மடக்கு உப்புத் தண்ணீர் உள்ளே போச்சு. நீச்சல் தெரியாது, ரப்பர் வளையமும் கைடின் கையும்தான் துணை. தலையைக் குனிந்தேன். அடேயப்பா! மூக்குக்கு நேரே நீலமும் மஞ்சளுமாய் மீன்கள். நடுநடுவே சாம்பல் பூத்த பவளங்கள்.

"2010-ல கடல் சூடாகி வெளுத்துச் செத்தது சார்" என்றார் கைடு. தமிழர்தான்.

அதற்குள் களைத்துப்போன கேஷியர் ஒரு பவளத்தின் மேல் காலை ஊன்றப் போனார்.

"காலைத் தூக்குங்க சார்! கல்லு இல்ல, உசுரு. ஒரு சென்டிமீட்டர் வளர ஒரு வருஷம் ஆகும்!"

ஜி.எம்.முக்கே வளையாத மனுஷன், காலை மடக்கிக்கொண்டு மிதந்தார்.

திரும்பும்போது படகில் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக என்னிடம், "முப்பது சென்டிமீட்டர் இருக்குமாய்யா அது? அப்ப முப்பது வருஷம். என் மொத்த சர்வீஸுய்யா!" என்றார்.