தையல் கூலி தனி

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர் ஏறினால் போனக்காடு. அகத்தியர்கூடம் ஏறுகிறவர்கள் நடையைத் தொடங்குவது இங்கிருந்துதான். யூடியூப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் தேடுவது பேய் பங்களாவை. நான் தேடிப்போனது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடு ஒன்றை. குழந்தைகளின் பிறந்தநாள் கேக்குக்குப் பாவாடை, ஃபிராக், போர்வை என்று துணிமணிகளைச் சர்க்கரையில் செய்து தருகிற ஒரு பெண் அங்கே இருக்கிறார்.

தேயிலைக்காக மலையேறி வந்த தமிழ்க் குடும்பம். தோட்டம் முடங்கித் தொழிற்சாலை ஓடாமல் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. கூலி நின்றதும் பலர் வேறு பிழைப்புத் தேடிக் கீழே இறங்கினார்கள். இவர் விதுராவில் தையல் கற்றார், பிறகு கேக். “பேரெல்லாம் வேணாம் அண்ணே, வேலையை எழுதுங்க” என்றபடியே மாவைப் பிசைய உட்கார்ந்தார்.

அன்றைக்கு வந்திருந்தது ஒரு வயதுக் குழந்தையின் கேக்குக்கான ஆர்டர்: பச்சைப் பட்டுப்பாவாடை, அரக்குக் கரை. மாவின் பெயர் ஃபாண்டன்ட். பொடித்த சர்க்கரை, ஜெலட்டின், குளுக்கோஸ் பாகு, கிளிசரின், கொஞ்சம் வனஸ்பதி சேர்ந்தது. வாங்கியபடியே தேய்த்தால் தொங்கும், கிழியும். அதனால் கால் கிலோ மாவுக்கு ஒரு தேக்கரண்டிக்குள், மாவை இறுக்கும் சி.எம்.சி. பொடி கலந்து ஊறவிடுகிறார். பிறகு சோளமாவு தூவி, பலகை தெரிகிற அளவுக்கு மெல்லிசாகத் தேய்க்கிறார்.

தையல்காரி என்பது கை போகிற விதத்திலேயே தெரிகிறது. முதலில் காகிதத்தில் அளவு வெட்டுகிறார். கொசுவத்துக்கு அகலத்தில் மூன்று மடங்கு விட்டு, ஊதுபத்திக் குச்சி கனத்தில் குச்சிகளை மேலும் கீழுமாக அடுக்கி, மாவை அவற்றின் மேல் படியவைத்து இரு பக்கமும் நெருக்குகிறார். குச்சிகளை உருவினால் மடிப்பு நிற்கிறது. ஃபிரில் வேண்டுமென்றால் அம்பிரல்லா ஃபிராக்குக்கு வெட்டுகிற அதே வெட்டுதான். வட்டம் வெட்டி, நடுவில் இன்னொரு வட்டம் எடுத்து, ஓரத்தைப் பல்குத்தும் குச்சியால் உருட்டி, வளையத்தை அறுத்து நீட்டினால் அலை அலையாக விழுகிறது. ஜரிகைக் கரைக்கு சிலிக்கான் அச்சுப் பாய். மாவுச்சத்துக் கூழை அதன் பள்ளங்களில் வழித்து, மிதமான சூட்டில் உலர்த்தி உரித்தால் லேஸ் முழுசாக வருகிறது.

இதில் பெரிய எதிரி ஈரம். சர்க்கரை காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மஞ்சு மூடி மழை பெய்கிற போனக்காட்டில் இந்தத் தொழிலா என்று கேட்டேன். பதில் சொன்னது திண்ணையில் இருந்த அவருடைய அம்மா. தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பகுதியில் வேலை பார்த்தவர். பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதைப் பரப்பிக் காற்றுவிட்டு மணிக்கணக்கில் வாட்டிய பிறகுதான் உருட்ட முடியும். “எலை வாடணும், வேகக்கூடாது. இவ சீனியும் அதே மாதிரிதான்” என்றார். வேகமாக உலர்த்தினால் மேல்தோல் மட்டும் காய்ந்து, மடிப்பு வெடித்துவிடும். அம்மா சொன்ன யோசனைப்படி ஒரு மரப்பெட்டி, உள்ளே குண்டு பல்பு, பக்கத்தில் காற்றுப்போக ஓட்டைகள். அடைமழையிலும் பாவாடை அதற்குள் நிதானமாக வாடுகிறது.

கேக்கை இங்கே முழுசாக உடுத்துவதில்லை. மலைப்பாதையில் பேருந்து குலுக்குகிற குலுக்கலில் கொசுவம் நொறுங்கிவிடும். துணிகளை டப்பாவில் தனியாக இறக்கி, விதுராவில் தெரிந்தவர் வீட்டில் வைத்துச் சேர்க்கிறார். விப்பிங் கிரீம் மேல் ஃபாண்டன்ட் போட்டால் கரைந்து வழியும். அதனால் அடியில் வெள்ளைச் சாக்லேட் கனாஷ் பூசுகிறார். உடுத்திய கேக்கைக் குளிர்பெட்டியில் வைத்து எடுத்தால் வியர்த்துப் பளபளக்கும் என்பதால் அதையும் தவிர்க்கிறார்.

ஜரிகைக்குப் பூசும் தங்கப்பொடியில் மட்டும் அவர் சமரசம் செய்வதில்லை. ‘நான்-டாக்ஸிக்’ என்று எழுதியிருந்தால் அது தின்னலாம் என்று ஆகாது. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 2018-இல் ஒரு பிறந்தநாள் கேக்கைச் சாப்பிட்ட குழந்தைகள் வாந்தியெடுத்தார்கள். அலங்காரப் பொடியில் இருந்த உலோகம்தான் காரணம். நம் பக்கத்தில் ரோடமைன்-பி சாயம் கலந்த பஞ்சுமிட்டாயைத் தமிழ்நாடு 2024 பிப்ரவரியில் தடை செய்தது. சேர்மானப் பட்டியல் அச்சிடாத டப்பாவை இவர் திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவிலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறாராம்.

கேரளத்துக் கேக்கின் கதையே தோட்டத்தில்தான் தொடங்குகிறது. 1883-இல் அஞ்சரக்கண்டி லவங்கப்பட்டைத் தோட்டத்து முர்டாக் பிரவுன் கேட்டுக்கொண்டதால், தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு முதல் கிறிஸ்துமஸ் கேக்கைச் செய்தார் என்பார்கள். அன்று கேக் கேட்டவர் தோட்டத் துரை. இன்று செய்கிறவர் தோட்டத் தொழிலாளியின் மகள். ஆனால் கூலிக் கணக்கில் ஒன்று மாறவில்லை. கொழுந்துக்குத் தராசு, கேக்குக்கும் தராசு. நிர்ணயித்த கிலோவுக்கு மேல் பறித்தால்தான் அம்மாவுக்குக் கூடுதல் காசு. மகளிடமும் முதலில் கேட்பது “கிலோ என்ன விலை?” என்றுதான். அந்தப் பாவாடை கால் கிலோ தேறாது. அதற்குப் போனதோ ஒரு பகல் முழுக்க.

தொடக்கத்தில் இவரும் கிலோக் கணக்கிலேயே விற்றிருக்கிறார். கைவேலை கூடக்கூட மாவு மெல்லிசாகும், எடை குறையும். நேர்த்தியாகச் செய்யச் செய்ய நஷ்டம்தான். பிறகு தையல் கடையின் வழக்கத்துக்கே திரும்பினார். இப்போது ரசீதில் இரண்டு வரி: கேக் இத்தனை கிலோ, தையல் கூலி இவ்வளவு. “குறச்சு பஞ்சசாரயல்லே சேச்சி” (கொஞ்சம் சர்க்கரைதானே அக்கா) என்று போனில் பேரம் பேசுகிறவர்களிடம், “துணியை நீங்களே எடுத்துக் கொடுத்தாலும் தையல்காரி சும்மா தைப்பாளா?” என்பது அவருடைய பதில். சிலர் போய்விடுகிறார்கள். மற்றவர்கள் முன்பணம் அனுப்புகிறார்கள்.

லயத்துப் பெண்கள் இரண்டு பேர் அவரிடம் வேலை கற்றுக்கொள்கிறார்கள். லேஸ் உரிப்பதும் முத்து உருட்டுவதும் அவர்கள் வேலை. எடை பார்த்துக் கொடுப்பீர்களா, உருப்படிக்கு இவ்வளவு என்றா என்று கேட்டேன். சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைக் காட்டினார். “உக்காந்த நேரத்துக்குக் கூலி அண்ணே. கிலோக் கணக்கு எங்க அம்மாவோட போகட்டும்.”