மூலை ஒட்டு

திருப்பாச்சேத்தி என்றால் அருவாள்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். நான் போனது அதைப் பார்க்க அல்ல. செட்டிநாட்டுப் பழைய பெட்டகம் ஒன்றுக்கு மூலைப் பட்டை செய்யும் வேலை அங்கே ஒரு பட்டறைக்கு வந்திருந்தது. வெல்டிங் வைக்காமல் உலையிலேயே காய்ச்சி ஒட்டித் தர வேண்டும் என்பது பெட்டகக்காரரின் நிபந்தனை.

'ட' வடிவப் பட்டை. ஒரே இரும்பை வளைத்துவிடலாமே என்று கேட்டேன். "தட்டை வாக்குல வளைச்சா வளையும் சார். இதைக் குறுக்கு வாக்குல வளைக்கணும். உள்பக்கம் புடைச்சுக்கும், வெளிப்பக்கம் இழுபட்டு மெலிஞ்சிரும். கூர்மூலை வராது" என்றார் ஆசாரி. ஆகவே இரண்டு துண்டு.

ஒட்டுவதற்கு முந்தைய வேலைதான் அதிகம். துண்டுகளின் முனையைப் பழுக்கக் காய்ச்சி, நுனியிலேயே குத்திக் குத்தித் திரட்டினார். ஒட்டும்போது அடி வாங்கி மெலியப்போகிற இடத்துக்கு இப்போதே சதை சேர்க்கிறார். பிறகு ஒன்றன்மேல் ஒன்று படியும் முகங்களைச் சரிவாக அடித்தார். முகம் குழிந்திருந்தால் கசடு உள்ளேயே தங்கிவிடும். நடுவில் லேசாக மேடிட்டிருந்தால் ஓரம் வழியே வெளியேறிவிடும்.

இரும்பு உருகுவது 1538 டிகிரி செல்சியஸில். ஒட்டுவதற்கு அது உருக வேண்டியதில்லை. சாதா இரும்பு 1250, 1300 வரை காய்ந்தால் போதும். தடையாக இருப்பது மேலே படியும் செதில். காற்றுப்பட்டு உண்டாகும் அந்த ஆக்சைடு தானாக உருக 1370 டிகிரி ஆகும். அதற்காகத் தூவும் வெங்காரம் 743 டிகிரியிலேயே உருகிச் செதிலைக் கரைத்துவிடும். அந்தக் காலத்தில் மணலைத் தூவினார்கள். மணலும் செதிலும் சேர்ந்தால் 1200 டிகிரி வாக்கில் உருகும் கசடாகிவிடும் என்பதுதான் அதன் சூட்சுமம்.

இரண்டு முனைகளும் கரிக்கு நடுவே கிடந்தன. ஊதுகாற்று நேராகப் படும் அடிப்பக்கத்துக்கு இறக்கினால் செதில்தான் கூடும். ஆசாரியின் கண் வேறு எதையும் பார்க்கவில்லை. சிவப்பு ஆரஞ்சாகி, மஞ்சளாகி, மேற்பரப்பு நெய் தடவியதுபோல் மினுங்கியது. இன்னும் விட்டால் பொறி சிதறும், இரும்பு எரிந்துபோகும்.

அடைகல் சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால், பழுத்த கட்டி ஒன்றை அதன்மேல் கிடத்தி முன்பே சூடேற்றியிருந்தார். அவருடன் சம்மட்டி பிடிக்கும் அக்கா ஒரு துண்டைக் குறட்டில் எடுத்து வைக்க, ஆசாரி மற்றதைக் குறுக்கே படியவைத்து நடுவில் மெதுவாக ஒரு தட்டு. அந்த ஒரு தட்டில் பிடித்தால்தான் உண்டு. ஓரத்தில் கசடு பீறிட்டது. "ம்" என்றார், அக்காவின் சம்மட்டி இறங்கியது. இருவரும் பேசிக்கொள்ளவேயில்லை. இந்தப் பகுதிப் பட்டறைகளில் சம்மட்டி பிடிப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான் என்று பக்கத்துப் பட்டறைக்காரர் சொன்னார். ஆனால் பட்டறையின் பெயர்ப்பலகையில் ஆசாரி பெயர் மட்டுமே இருக்கிறது.

ஆறியதும் உள்மூலையில் முடி கனத்துக்கு ஒரு கருங்கோடு தெரிந்தது. அங்கே பிடிக்கவில்லை என்று பொருள். சுத்தியல் எளிதில் நுழையாத இடம், பாரம் ஏறினால் முதலில் விரிசல் விடும் இடமும் அதுவே. மறுபடி வெங்காரம், மறுபடி உலை. இந்த முறை உள்மூலையைக் கூராக விடாமல் சற்று உருண்டையாகவே விட்டார்.

முன்பு மண்வெட்டிக்கும் கோடாலிக்கும் வெட்டுவாயில் எஃகு வைத்து ஒட்டினார்கள்; ஒட்டத் தெரியாதவன் கொல்லனே இல்லை. லாரி ஸ்பிரிங் பட்டை வந்தபின் அருவாள் முழுவதும் எஃகாகவே ஆகிவிட, அந்தத் தேவை குறைந்துவிட்டது. பட்டறையிலேயே வெல்டிங் மெஷின் இருக்கிறது. "கேட்டு, கிரில்லுக்கெல்லாம் அது போதும் சார், அதுக்குப் போய்க் கரி எரிச்சா வீம்பு" என்றார். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. வெல்டிங்கைத் தேய்த்து மழுப்பினால் இந்தப் பெட்டகத்தில்கூட வெளியே தெரியாதாம். அதையும் அவரேதான் சொன்னார்.

இருந்தும் இப்படித்தான் வேண்டுமென்று கேட்பவர்கள், தயவுசெய்து கிலோக் கணக்கில் விலை பேசாதீர்கள். கரியும் வெங்காரமும் போக, இரண்டு பேர் கூலி அதில் இருக்கிறது.