விருத்தாசலத்துப் பியூஸ் கட்டை

சென்னையிலிருந்து திருச்சிக்குக் கார்டு லைனில் போகிறீர்களா? விழுப்புரத்தைத் தாண்டினால் விருத்தாசலம் ஜங்ஷன். எதிர் ஸீட்டில் துண்டை விரித்துச் சீட்டாடுகிறவர்கள் ஆடிக்கொண்டே போகட்டும், நீங்கள் இறங்கிவிடுங்கள். அவர்களுக்கு வேண்டிய புத்திமதி இந்த ஊரில்தான் இருக்கிறது!

முதலில் மணிமுத்தாற்றங்கரையில் விருத்தகிரீசுவரரைத் தரிசனம் செய்யுங்கள். இங்கேதான் சுந்தரருக்கு இறைவன் 12,000 பொன் கொடுத்து, "இதை ஆற்றில் போட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்" என்றாராம். சுந்தரர் என்ன செய்தார் தெரியுமா? பொன்னில் ஒரு துண்டு மச்சம் வெட்டி வைத்துக்கொண்டு, அப்புறம்தான் ஆற்றில் விட்டார். திருவாரூரில் எடுத்த பொன்னை அதனோடு உரைத்தும் பார்த்தார். கடவுளிடமே அப்படி! பணம் கை மாறுகிற இடத்தில் முன்கூட்டியே திட்டம் செய்துகொள்வது மரியாதைக் குறைவே அல்ல.

அடுத்தது பீங்கான். அதற்கென்று ஒரு தொழிற்பேட்டையும், அந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுக்கும் அரசு நிறுவனமும் இங்கே உண்டு. அழகான பொம்மைகளோடு மின்சாரச் சாமான்களும் சூளையில் வேகின்றன. பழைய வீடுகளில் மீட்டர் பலகையில் வெள்ளை வெளேரென்று பியூஸ் கட்டை இருக்குமே, அது பீங்கான்தான். பீங்கானில் மின்சாரம் பாயாது, சூட்டையும் தாங்கும். அதன் நடுவே ஒரு மெல்லிய கம்பி. மின்சாரம் அளவுக்கு மீறினால் கம்பி உருகி அறும், வீடு தப்பும்.

சீட்டாட்டத்துக்கும் இப்படி ஒரு கம்பி உண்டு. மேலைநாட்டுப் போக்கர் ஆட்டத்தில், கை ஆரம்பிக்கும்போது மேஜைமேல் வைத்திருக்கும் பணம் எவ்வளவோ அவ்வளவுதான் பந்தயம். நடுவில் பையிலிருந்து எடுத்துச் சேர்க்கக் கூடாது. மோதிரத்தைக் கழற்றி வைக்கவும் கூடாது. நம்முடைய 13 சீட்டு ரம்மியிலும் அப்படியே. முதலிலேயே கவிழ்த்தால் 20 பாயிண்ட். நடுவில் கவிழ்த்தால் 40. எவ்வளவு மோசமாகத் தோற்றாலும் 80க்கு மேல் இல்லை. பாயிண்டுக்குப் பத்துப் பைசா என்றால் ஓர் ஆட்டத்தில் எட்டு ரூபாயோடு போயிற்று. ஆகவே, சீட்டைக் கலைப்பதற்கு முன்பே பாயிண்ட் என்ன விலை, எத்தனை மணிக்கு முடிவு என்று பேசிவிட வேண்டும்.

மற்ற மரியாதைகளும் உண்டு. தன் முறை வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து கைச்சீட்டைப் பார்ப்பவர் கண்ணைக்கூடச் சிமிட்டக் கூடாது. தோற்றவரைக் கேலி செய்யக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆடுகிற இடத்தில் கடன் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது.

"ரம்மி திறமை ஆட்டமாயிற்றே!" என்று உங்கள் வீட்டுக்காரர் வாதாடலாம். வாஸ்தவம்தான், 1967இல் சுப்ரீம் கோர்ட்டே ரம்மி பெரும்பாலும் திறமையைப் பொறுத்தது என்றும், மூணு சீட்டு வெறும் அதிர்ஷ்டம் என்றும் சொல்லியிருக்கிறது. ஆனால் திறமைசாலியின் கம்பியும் உருகத்தானே செய்யும்? செல்போனில் ஆடியவர்களுக்கு எதிரே மேஜையும் இல்லை, "போதும், எழுந்திரு" என்று சொல்ல ஆளும் இல்லை. எத்தனையோ குடும்பங்கள் கண்ணீர் விட்ட பிறகு, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவுமே கூடாது என்று 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் செய்தது.

அடிக்கடி பியூஸ் போகிறதே என்று சிலர் தடித்த கம்பியைச் சுற்றிவிடுவார்கள். விளக்கு அணையாது, வீடுதான் எரியும். "இன்னும் ஒரே ஓர் ஆட்டம், இரட்டைப் பந்தயம்" என்பது அந்தத் தடித்த கம்பி. அந்த வார்த்தை கூடத்திலிருந்து காதில் விழுந்தால், அம்மணி, தயங்காமல் போய்ச் சீட்டுக் கட்டை எடுத்துப் பரணில் வையுங்கள்!