துவக்குக் கட்டையும் தந்தையாரின் கையும்

என் தந்தையார் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் தச்சராக இருந்தார். 1959ஆம் ஆண்டு மழைக்காலத்தில், பெரியதுரை தமது இரட்டைக் குழல் துவக்கின் கட்டைக்கு மெருகேற்றித் தரும்படி சொல்லியனுப்பினார். குழல்களைக் கழற்றித் தம்மிடம் வைத்துக்கொண்டு, கட்டையை மட்டுமே எங்கள் லயத்துக்கு அனுப்பியிருந்தார். எங்கள்மீது அவர் வைத்த நம்பிக்கை அவ்வளவுதான்.

அது அக்ரூட் மரம். இங்கிலாந்தின் துவக்குத் தொழிலாளர் நெடுங்காலமாக விரும்பிய மரம். பாரம் அளவானது, எளிதில் பிளக்காது, வெடியின் அதிர்வைத் தாங்கும். தந்தையார் கருகிப்போன பழைய மெருகைச் சுரண்டி அகற்றினார். பள்ளம் விழுந்த இடங்களில் ஈரத்துணியை விரித்து, சூடேற்றிய இரும்பால் அழுத்தினார். ஆவி புகுந்ததும் நசுங்கிய நார்கள் எழும்பிப் பள்ளம் மறைந்தது. பின்னர் கட்டையை நனைத்து உலர்த்தி, கிளம்பி நின்ற நார்களை அரத்தாளால் தேய்த்தார். இவ்வாறு மூன்று முறை.

அதன் பிறகே ஆளிவிதை எண்ணெய். நாலைந்து துளிதான். அதை உள்ளங்கையால், கட்டை சூடேறும்வரை தேய்க்க வேண்டும். மிஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும். இவ்வெண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று இறுகுகின்றது. தடிப்பாகப் பூசினால் பிசுபிசுப்பு நீங்காது. குளிரும் ஈரமும் மிகுந்த எங்கள் மலையில் ஒரு பூச்சு இறுகுவதற்கே நாட்கள் சென்றன. ஏறத்தாழ இரண்டு மாதம், வேலை முடிந்த மாலைகளில், தந்தையாரின் கை அக்கட்டைமீது ஓடிக்கொண்டிருந்தது.

எண்ணெய்த் துணிகளைச் சுருட்டி மூலையில் போட அவர் விடமாட்டார். எண்ணெய் இறுகும்போது சூடு பிறக்கும். குவிந்த துணிக்குள் அச்சூடு வெளியேற வழியின்றிப் பெருகினால், தானாகவே தீப்பற்றும். துணிகளைத் தாழ்வாரக் கொடியில் விரித்துப் போடுவது என் வேலை.

ஒருநாள் மாலை தாயார் கேட்டார்: "முல்லோயாவில கோவிந்தனைச் சுட்டாங்களே, அந்தத் துவக்குக் கட்டையையும் யாரோ ஒருத்தர் இப்படித்தானேங்க தேச்சிருப்பாரு?"

1940 ஜனவரி 10ஆம் திகதி, முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் சூட்டுக்கு இரையான தொழிலாளி கோவிந்தன். 19 ஆண்டுகள் கழிந்தும் எங்கள் லயங்களில் அப்பெயர் மறக்கப்படவில்லை.

தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "மரம் என்னா பாவம் பண்ணுச்சு, புள்ள? வேலைய அரைகொறையாச் செய்ய எனக்குத் தெரியாது" என்றார்.

இருவரில் யார் சொன்னது சரி என்று பல ஆண்டுகள் சிந்தித்திருக்கிறேன். வேலையைச் செம்மையாகச் செய்வது தொழிலாளியின் தன்மானம். அதை எந்தத் துரையாலும் பறிக்க இயலாது. ஆனால், அவன் மெருகேற்றிய பொருள் யார் தோளில் ஏறுகின்றது, யாரை நோக்கித் திரும்புகின்றது என்று கேட்கும் உரிமை அவனுக்கு இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமோ என் தந்தையாரை இந்நாட்டவராகவே கொள்ளவில்லை. தாயாரின் கேள்வி மரத்தைப் பற்றியதன்று. அந்த உரிமையைப் பற்றியது. இதை நான் உணர்ந்தபோது இருவருமே உயிருடன் இல்லை.

கட்டை பங்களாவுக்குத் திரும்பிய நாளில் அதன் ரேகைகள் ஆழ்ந்த ஒளியுடன் தெரிந்தன. தந்தையார் அதை ஒரு தடவையேனும் தோளில் வைத்துப் பார்க்கவில்லை. மிஞ்சிய துணிகளைக் கொடியில் விரிக்கும்படி மட்டும் என்னிடம் சொன்னார்.