கைக்குத் தெரியும்

தம்பி, நேற்று நீ வாங்கி வந்த புது கிளவுஸைப் போட்டு பேகை அடித்தபோது உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 8 அவுன்ஸ். கை லேசாகப் போகிறது, சத்தம் ஜோராக வருகிறது. “இதையே போட்டு ஸ்பேரிங் பண்றேன் வாத்தியாரே” என்றாய். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் திட்டுதான் வந்திருக்கும். எழுதினால் கொஞ்சம் நிதானமாக வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கிளவுஸ் எதிராளியைக் காப்பாற்றுவதற்கு என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை. மண்டை கெட்டி எலும்பு, கை எலும்பு மெலிசு. வெறுங்கையால் நெற்றியில் குத்தினால் பெரும்பாலும் முறிவது குத்தியவன் கைதான். சுண்டுவிரல் முட்டிக்குக் கீழே விழும் அந்த முறிவுக்கு டாக்டர்கள் பாக்ஸர் பெயரையே வைத்திருக்கிறார்கள். அதனால் வெறுங்கைக் காலத்தில் தலையில் அடிக்க யோசித்தார்கள், உடம்பில் அடித்தார்கள். 1889-இல் அமெரிக்காவில், மிசிசிப்பியில், ஜான் சல்லிவனும் ஜேக் கில்ரெயினும் 75 ரவுண்டு நின்றார்கள். எண்ணைக் கேட்டு மிரளாதே. அப்போதெல்லாம் ஒருவர் விழுந்தால் ரவுண்டு முடிந்தது. ஆனாலும் 2 மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்கிறார்கள். கிளவுஸைக் கட்டாயமாக்கிய குயின்ஸ்பெரி விதிகள் 1867-லேயே வந்துவிட்டன. அந்த விதிப்படி 1892-இல் கிளவுஸ் மாட்டி ஏறிய சல்லிவன், கார்பெட்டிடம் ஹெவிவெயிட் பட்டத்தை இழந்தார். கைக்குப் பாதுகாப்பு வந்தது. தலையைத் தயங்காமல் அடிக்கலாம் என்ற தைரியமும் கூடவே வந்தது.

பேடிங் செய்கிற வேலையைத் தேங்காயை வைத்துச் சொல்கிறேன். கல்லில் விழுந்தால் உடையும், மணலில் விழுந்தால் உடையாது. மணல் உள்ளே அமுங்கி, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்கிறது. அடியும் ஒரு புள்ளியில் இறங்காமல் பரவுகிறது. கிளவுஸுக்குள் இருக்கும் ஃபோமோ குதிரை முடியோ அதைத்தான் செய்கிறது. புருவம் கிழிவது குறையும், தாடை தப்பும். ஆனால் மணலில் விழுந்த தேங்காயை எடுத்துக் காதில் வைத்து ஆட்டிப் பார். உள்ளே தண்ணீர் அலம்பும். தாடையில் பக்கவாட்டில் ஒரு ஹுக் விழுந்து தலை சுழலும்போது மண்டைக்குள் மூளை படும் பாடும் அதுதான். அந்தச் சுழற்சியை எந்தப் பஞ்சும் முழுசாக வாங்கிக்கொள்ளாது.

1980-இல் முகமது அலி மெட்ராஸுக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். நான் கூட்டத்தில் எக்கி எக்கிப் பார்த்தவன். என்ன அழகான முகம்! அத்தனை வருஷம் குத்து வாங்கிய முகம் என்று சொல்லவே முடியாது. நாலு வருஷம் கழித்து அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்றார்கள். 1996-இல் அட்லாண்டாவில் ஒலிம்பிக் தீபத்தைப் பிடித்த அந்தக் கை நடுங்கியதை டிவியில் பார்த்தேன். குத்துதான் காரணமா என்பதில் மருத்துவர்கள் ஒரே குரலில் பேசவில்லை. நானும் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து, அடிபட்ட பையனின் முகத்தை மட்டும் பார்த்து “ஒண்ணும் இல்லடா” என்று சொல்வதை விட்டுவிட்டேன்.

இப்போது உன் 8 அவுன்ஸுக்கு வருகிறேன். ஒரு அவுன்ஸ் என்பது 28 கிராம் சொச்சம். ஒரு கைப்பிடி வேர்க்கடலை. அது குறைந்தால் என்ன ஆகும் என்று கேள்.

1983 ஜூன் 16, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். பில்லி காலின்ஸ், 21 வயசு, அதுவரை தோற்காதவன். எதிரில் லூயிஸ் ரெஸ்டோ. பலமான குத்துக்குப் பெயர் போனவன் இல்லை. 10 ரவுண்டு முடிந்தபோது காலின்ஸின் இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தன. கை குலுக்க வந்த ரெஸ்டோவின் கிளவுஸைப் பிடித்த காலின்ஸின் அப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது: உள்ளே பேடிங் இல்லை. சுமார் ஒரு அவுன்ஸ் குதிரை முடியை எடுத்திருந்தார்கள். ரெஸ்டோவும் அவன் பயிற்சியாளர் பனாமா லூயிஸும் ஜெயிலுக்குப் போனார்கள். கண் பாழான காலின்ஸ் மறுபடி ரிங்கில் ஏறவேயில்லை. அடுத்த வருஷம் மார்ச்சில் கார் விபத்தில் செத்துப்போனான். தனக்கு ஒன்றும் தெரியாது என்று வருஷக்கணக்காகச் சொல்லிவந்த ரெஸ்டோ, கடைசியில் தெரியும் என்று ஒத்துக்கொண்டான். கையில் சுற்றிய துணியில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கலந்திருந்ததையும் சொன்னான்.

பனாமா லூயிஸைத் திட்ட எல்லாருக்கும் வாய் வரும். எனக்கு ரெஸ்டோவை நினைத்தால்தான் வயிற்றைப் பிசைகிறது, ஏனென்றால் அவன் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன்.

எனக்கு 19 வயசு. எங்கள் கூடத்தில் இருந்ததே நாலு ஜோடி கிளவுஸ், எல்லாம் பழசு. வியர்வையில் ஊறி ஊறி முடி ஓரமாக ஒதுங்கி, முட்டி இருக்கும் இடம் காலியாகிவிடும். ஒருநாள் ஸ்பேரிங்கில் எனக்குக் கிடைத்த வலது கிளவுஸ் அப்படிப்பட்டது. முதல் ரவுண்டிலேயே தெரிந்துவிட்டது. எதிரில் நின்றவனின் கன்ன எலும்பு என் முட்டிக்கு அப்படியே தட்டுப்பட்டது. நான் நிறுத்தியிருக்கலாம், வாத்தியாரிடம் கையை நீட்டியிருக்கலாம். ஆனால் குத்து நன்றாக விழுகிறதே! சுற்றி நின்றவர்கள் வேறு கத்துகிறார்கள். மூன்றாவது ரவுண்டில் அவன் புருவம் பிளந்தது. ஆறு தையல். “கிளவுஸ் பழசு, நீ என்னடா பண்ணுவ” என்று அவனே என் தோளில் தட்டினான். நான் தலையாட்டினேன். இன்றைக்கு வரைக்கும் அவனிடம் சொல்லவில்லை. காசிமேட்டில் பார்க்கும்போதெல்லாம் டீ வாங்கிக் கொடுப்பான். புருவத்தில் முடி முளைக்காத அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே குடிப்பேன்.

அதனால்தான் ஒவ்வொரு நாளும் உங்கள் கிளவுஸை வாங்கிக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறேன். அமுக்கினால் திரும்பி எழும்ப வேண்டும். உள்ளே முட்டி தட்டுப்பட்டால் அது செத்த கிளவுஸ், எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கியிருந்தாலும் சரி. ஈரத்தோடு பையில் திணிக்காதே. பழைய பேப்பரைச் சுருட்டி உள்ளே வைத்துக் காற்றாட வை. வெயிலில் காயப்போட்டால் தோல் வெடித்துவிடும்.

உன் 8 அவுன்ஸைத் தப்பான சாமான் என்று சொல்லவில்லை. புரொஃபஷனலில் எடை குறைந்த பிரிவுகளுக்கு அதுதான் அளவு. அங்கே ரெஃப்ரீ இருப்பார், டாக்டர் இருப்பார், எதிரில் நிற்பவன் அதற்கென்றே தயாராகி வந்திருப்பான். இங்கே எதிரில் நிற்கப்போவது உன் கூட்டாளி. ராத்திரி வேலை முடிந்து, தூக்கத்தோடு காலையில் நேராக இங்கே வருகிறவன்.

ஸ்பேரிங்குக்குப் பரணில் 16 அவுன்ஸ் ஜோடி ஒன்று இருக்கிறது. இடது கைக்கு லேஸ் அறுந்துவிட்டது. வரும் வழியில் ஒரு ஜோடி லேஸ் வாங்கி வா.